அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மடியில் குழந்தை: விமானத்தில் ஆபத்து வந்தால் என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் 71 வயது அம்மாவையும் 14 மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போகிறீர்கள். கணவர் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறார். அகமதாபாத் விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அம்மா பயந்துபோயிருக்கிறார். "எந்த இருக்கை பாதுகாப்பானது?" என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், "ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் கையில் எதுவும் இருக்கிறதா, இல்லை எல்லாம் விதிதானா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் 23 ஆண்டு விமானச் சிப்பந்தியாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். கடைசி ஒன்பது ஆண்டு, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தேன். விமானம் ஓட்டத் தெரியாது, இயந்திரத்தைப் பற்றியும் பெரிதாகத் தெரியாது. கதவுக்கு உள்ளே, பயணிகள் உட்கார்ந்திருக்கிற பகுதியில் நடப்பதுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் விதி விஷயம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1983 முதல் 2000 வரை அந்த நாட்டு விமான நிறுவனங்களுக்கு நேர்ந்த 568 விபத்துகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் சிக்கியவர்களில் 100-க்கு 95 பேருக்கும் மேல் உயிர் பிழைத்திருந்தார்கள். தீ, பலத்த காயம், பெரும் சேதம் எல்லாம் சேர்ந்த மோசமான விபத்துகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்திருந்தார்கள். அகமதாபாத்தில் நடந்ததுபோல் விமானம் கட்டடத்தில் மோதி எரியும்போது பயணி செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலான சம்பவங்கள் அப்படிப்பட்டவை இல்லை. காற்றில் குலுங்குவது, புகை வருவது, ஓடுபாதையை விட்டு விலகுவது, இறங்கியபின் தீப்பிடிப்பது என்று, தப்பிக்க இடம் இருக்கிற சம்பவங்கள்தான் அதிகம். அவற்றில் பயணி செய்கிற காரியத்துக்கு மதிப்பு உண்டு.

இருக்கையைப் பற்றி. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் பிழைத்த ஒரே பயணி 11ஏ இருக்கையில், அவசர வழிக்குப் பக்கத்தில் இருந்தார். அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 29-இல் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் இறந்த விபத்தில் பிழைத்த இரண்டு சிப்பந்திகளும் வாலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஒன்று முன்பகுதி, ஒன்று பின்பகுதி. எந்த விபத்து எப்படி நடக்கும் என்று தெரியாதபோது எந்த இருக்கை காப்பாற்றும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தீ, புகை என்று வந்தால் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் இருப்பது உதவும், அது நிச்சயம். ஆனால் அவசர வழி இருக்கைகளில் முதியவர்களையும் கைக்குழந்தையோடு வருகிறவர்களையும் உட்காரவிட மாட்டார்கள். அதனால் எண்ணைத் தேடி அலையாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மாவை நடைபாதைப் பக்கத்திலும், என்னைக் குழந்தையோடு நடு இருக்கையிலும் வைத்துக்கொள்வேன். எழுந்து போக வேண்டி வந்தால் அம்மா முன்னால் போவார். நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். பின்னால் வரும் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே குழந்தையோடு நடப்பது மிகவும் சிரமம்.

உங்கள் பயணத்தில் நேரக்கூடியது என்று பார்த்தால் காற்றுக் கொந்தளிப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். 2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம் மியன்மார் வான்வெளியில், 37,000 அடியில் சிக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பயணி ஒருவர் இறந்தார், பலருக்குத் தலையிலும் முதுகுத்தண்டிலும் காயம். விமானம் பேங்காக்கில் தரையிறங்கியது. நம் சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு வெளியிட்ட முதல்கட்ட அறிக்கையில் நான் பயிற்சி வகுப்பில் சொல்ல ஏங்கிய எண்கள் இருந்தன. இருக்கைவார் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி அறை ஒலிப்பதிவில் கேட்டதற்கும், வார் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டதற்கும் இடையே 8 நொடி. அவர்களைத் தூக்கி எறிந்த விமானத்தின் அந்தத் திடீர் அசைவு நடக்க 0.6 நொடி. அடுத்த நாலு நொடிக்குள் மேலே போனவர்கள் கீழே விழுந்துவிட்டார்கள். எட்டு நொடியில் என்ன செய்ய முடியும்? கழிவறையிலிருந்து இருக்கைக்கு வர முடியாது. பால்புட்டியைக் கீழே வைத்துவிட்டு வாரைத் தேடி எடுத்து மாட்டக்கூட முடியாது. அதனால் விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க வார் இடுப்பில் இருக்கட்டும், வயிற்றில் வேண்டாம், இடுப்பெலும்பில் படியும்படி கீழே. அம்மா போர்வை கேட்பார். போர்வைக்கு மேலே வாரைப் போட்டால் தூங்கும்போது சிப்பந்தி எழுப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.

குழந்தைக்கு உங்கள் வாரோடு கோத்துக்கொள்கிற சிறிய வார் ஒன்று கொடுப்பார்கள். ஏறியதும் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். நம் கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்த மாதிரித் தூக்கலில் குழந்தையைத் தக்கவைக்க முடியாது. பத்துக் கிலோக் குழந்தையை ஏதோ ஒரு பெரிய கை மேலே இழுக்கிறதாக நினைத்துப் பாருங்கள். பணம் இடம் கொடுத்தால் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் உட்காரவைப்பது மடியைவிட நிச்சயமாகப் பாதுகாப்பானது. செலவு அதிகம் என்பதால் எல்லாரிடமும் இதை வற்புறுத்துவதில்லை. மார்பில் கட்டிக்கொள்ளும் துணித் தூளியை விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் அனுமதிப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருக்கைவாரைப் பற்றி இன்னொன்று. சென்னையிலிருந்து இரவு விமானத்தில் வந்த ஒரு பாட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறார். சாங்கியில் இறங்கி எல்லாரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் படிந்த கட்டைவிரலால் இடுப்பின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தார். பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது, மகனுடைய காரில் பொத்தான் அங்கேதான் இருக்கிறதாம். விமானத்தில் வாரின் நடுவே இருக்கும் பிடியைத் தூக்கிக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார். அன்றைக்கு அவசரம் ஏதும் இல்லை, சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். ஆனால் அதன்பிறகு எந்த வகுப்பிலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. பதற்றத்தில் கை தனக்குப் பழகியதைத்தான் செய்யும். காரில் பழகிய கை பொத்தானைத் தேடும். இளைஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அதனால் விமானத்தில் உட்கார்ந்ததும் அம்மாவின் கையை எடுத்து அந்தப் பிடியின்மேல் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். பேத்திக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரியே செய்யலாம், பயமுறுத்த வேண்டாம்.

அப்புறம் மொழி. அவசரத்தில் எங்கள் குரல் நீளமாகப் பேசாது, சின்னச் சின்னக் கட்டளைகளாக, ஒரே தாளத்தில், உரக்கக் கத்தும். அது ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், ஆனால் அம்மா காதில் விழக்கூடியவை இவைதாம்: "பிரேஸ், பிரேஸ்" என்றாலும் "ஹெட்ஸ் டவுன்" என்றாலும் குனிய வேண்டும். "ஓப்பன் சீட்பெல்ட்" என்றால் வாரைக் கழற்ற வேண்டும். "லீவ் எவ்ரிதிங்" என்றால் எல்லாவற்றையும் அப்படியே விட வேண்டும். "கம் திஸ் வே" என்றால் குரல் வருகிற பக்கம் போக வேண்டும். "ஜம்ப்" என்றால் குதிக்க வேண்டும். அர்த்தம் முழுதும் தெரிய வேண்டியதில்லை. ஒலி பழகினால் போதும். சாயங்காலம் வீட்டுக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தால் 71 வயதில் நன்றாகவே நிற்கும்.

குனிவது என்றால் எப்படி என்றும் காட்டிக்கொடுங்கள். பாதம் தரையில் பதிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். தலையை முன் இருக்கையின் முதுகில் அழுத்தி, கைகளைப் பின்னந்தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும், விரல்களைக் கோக்கக் கூடாது. முன் இருக்கை எட்டாவிட்டால் முழங்கால்மேல் கவிழ்ந்துகொள்ளலாம். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நடந்த விபத்துக்குப் பிறகு, காயப்பட்டவர்களின் தலையையும் காலையும் ஆராய்ந்துதான் இந்த நிலையைச் சீர்படுத்தினார்கள். கால் உடைந்தவர் ஓட முடியாது, அதனால் பாதம் வைக்கும் விதம் முக்கியம். மடியில் குழந்தை இருக்கும்போது எப்படிக் குனிவது என்பதில் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கி, உங்கள் உடம்பால் நசுக்காமல் குனிவது என்பது பொதுவான வழி. உங்கள் விமானத்தில் என்ன முறை என்று ஏறியதும் சிப்பந்தியிடம் கேளுங்கள்.

இப்போது வெளியேறுவது. 1985 ஆகஸ்ட் 22-இல் மான்செஸ்டரில் ஒரு விமானம் தரையைவிட்டு எழும்பவே இல்லை, ஓடுபாதையிலேயே தீப்பிடித்தது. இறந்த 55 பேரில் 48 பேர் புகையால் இறந்தார்கள். பயிற்சிக்கூடத்தில் தீங்கில்லாத புகையை நிரப்பி எங்களை உள்ளே விடுவார்கள். என் வீட்டைவிட நன்றாகத் தெரிந்த இடம்தான், ஆனாலும் முதல் தடவை நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. இருக்கைகளின் தலைப்பகுதியைத் தொட்டுத் தொட்டு, ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணித்தான் கதவைக் கண்டுபிடித்தேன். உங்கள் இருக்கையிலிருந்து முன்னால் எத்தனை வரிசை தள்ளிக் கதவு, பின்னால் எத்தனை வரிசை என்று இரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தீயாக இருந்தால் அடுத்தது வேண்டும். விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் காலில் காலணி இருக்கட்டும், வார் வைத்ததாக. அம்மாவுக்குப் பருத்திச் சேலை நல்லது. நைலான் வகைத் துணி சூட்டில் உருகி ஒட்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் முன், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடியில் அத்தனை பேரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். இதைக் கேட்டுவிட்டுப் பலர், விமானம் நின்றதும் பாய்ந்து ஓட வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2024 ஜனவரி 2-இல் டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 379 பேர். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை, சிப்பந்திகள் மெகாஃபோனிலும் வெறும் குரலிலும் கத்தினார்கள். எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. எந்தக் கதவுக்கு வெளியே தீ இல்லை என்று பார்த்துத் திறக்கும்வரை பயணிகள் பொறுத்திருந்தார்கள். மோதியதிலிருந்து கடைசி ஆள் இறங்க ஏறக்குறைய 18 நிமிடம் ஆனது, 379 பேரும் பிழைத்தார்கள். அவர்கள் மோதிய கடலோரக் காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்துவிட்டார்கள், அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் சாங்கியிலேயே 2016 ஜூன் 27-இல், மிலான் போகக் கிளம்பித் திரும்பிவந்த எஸ்கியூ 368-இன் வலது இறக்கையில் தரையிறங்கியதும் தீப்பிடித்தது. ஜன்னலில் தீயைப் பார்த்துக்கொண்டே 241 பேரும் உள்ளேயே இருந்தார்கள். தீயணைப்பாளர்கள் அணைத்தபின் படிக்கட்டில் இறங்கினார்கள், யாருக்கும் காயமில்லை. அப்போதே வெளியேற்றியிருக்க வேண்டாமா என்று துறைக்குள் வாதம் நடந்தது, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பயணி ஒருவர் தானாக ஒரு கதவைத் திறந்திருந்தால் தீயை உள்ளே அழைத்ததாக ஆகியிருக்கலாம். ஆகவே சிப்பந்தியின் குரலுக்குக் காத்திருங்கள், குரல் வந்ததும் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

பைகளைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2019 மே 5-இல் மாஸ்கோவில் 41 பேர் இறந்த விபத்தில் பயணிகள் பைகளோடு இறங்கும் காட்சியை உலகமே பார்த்தது. அந்தப் பைகளால்தான் உயிர்கள் போயின என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அதில் கருத்து வேறுபாடு உண்டு. நடைபாதையின் அகலம் அரை மீட்டர் அளவுதான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவர் நின்று மேலே கை நீட்டினால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்கிறார்கள். பையின் சக்கரமோ பிடியோ, கதவிலிருந்து தரைவரை விரிகிற காற்றடைத்த சறுக்குமெத்தையைக் கிழித்தால் அந்தக் கதவே போச்சு. திருச்சிக்குப் போகிறவர்கள் பையில் நகை இருக்கும், எனக்குத் தெரியும். கடவுச்சீட்டு, அம்மாவின் மாத்திரை, கைபேசி மூன்றையும் உடம்போடு ஒட்டிய சின்னப் பையில், தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் விட்டுவிடலாம் என்று வீட்டிலேயே அம்மாவிடம் பேசி முடித்துவிடுங்கள். சறுக்குமெத்தையில் உட்கார்ந்து தயங்கக் கூடாது, குதித்துத்தான் இறங்க வேண்டும். அம்மா கையைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளட்டும். நீங்கள் குழந்தையின் தலையை உங்கள் மார்போடு அணைத்து, அதன் கால்கள் வெளியே நீட்டாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வந்ததும் விமானத்தைவிட்டு விலகி, காற்று வருகிற திசையை நோக்கிப் போங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள், தீயணைப்பு வண்டிகள் வேகமாக வரும்.

ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு. கேட்க மனசு ஒப்பாது, அதனால் காரணத்தைச் சொல்கிறேன். 35,000 அடியில் காற்றழுத்தம் போனால் தெளிவாகச் செயல்பட நமக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் கிடைக்கும். நீங்கள் மயங்கினால் குழந்தைக்கும் அம்மாவுக்கும் மாட்டிவிட ஆள் இல்லை. முகமூடியை இழுத்தால்தான் காற்று வரும். மூக்கு வாய் இரண்டையும் மூட வேண்டும். 2018-இல் அமெரிக்காவில் இயந்திரம் சிதறிய ஒரு விமானத்தில் பலர் வாயை மட்டும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் வந்தது. முகமூடியில் தொங்கும் பை உப்பாவிட்டாலும் காற்று வந்துகொண்டுதான் இருக்கும். லேசாகக் கருகல் வாடை அடிக்கலாம், ஆக்சிஜன் தயாரிக்கும் கருவி சூடாவதால் வருவது, பயப்படாதீர்கள். விமானம் வேகமாகக் கீழே இறங்கும், அது விமானி வேண்டுமென்றே செய்வது. மூன்று இருக்கைக்கு வழக்கமாக நான்கு முகமூடி இருக்கும் வரிசையில்தான் கைக்குழந்தையோடு வருகிறவர்களை உட்காரவைப்பார்கள், அதனால் சீட்டுப் பதிவிலேயே குழந்தையைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீரில் இறங்குவது மிக அரிது. ஒன்றே ஒன்று: உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள் ஊதக் கூடாது. 1996 நவம்பரில் கொமொரோஸ் தீவுக்கருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் சிலர் உள்ளேயே ஊதிவிட்டு, தண்ணீர் ஏறியபோது கூரையோடு மிதந்து வெளியே வர முடியாமல் இறந்தார்கள். கதவைத் தாண்டும்போதுதான் இழுக்க வேண்டும். குழந்தைக்கான அங்கியைச் சிப்பந்தி கொடுப்பார்.

அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 11-இல் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்ததே, தொலைக்காட்சியில் எல்லாரும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தோமே, அது வழி தெரியாமல் சுற்றவில்லை. எரிபொருளைக் கரைத்து எடையைக் குறைக்கச் சுற்றியது. 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். வானத்தில் சுற்றுவதோ திரும்பிவருவதோ ஆபத்து முற்றிவிட்டதற்கு அடையாளம் என்று அம்மா நினைக்க வேண்டாம்.

பவர் பேங்க் கொண்டுபோவீர்கள் என்றால் பெட்டியில் போடாமல் கைப்பையில், கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே உள்ள அடுக்கில் வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை விதித்திருக்கின்றன. சூடாகவோ உப்பலாகவோ தெரிந்தால் உடனே சிப்பந்தியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, அம்மாவுக்குச் சக்கரநாற்காலி தேவையோ இல்லையோ, ஏறியதும் அருகில் இருக்கும் சிப்பந்தியிடம் "என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவசரம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தனியாகச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். உதவி தேவைப்படுகிறவர்களுக்குத் தனியாக விளக்குவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. கதவு மூடும் முன் இரண்டு நிமிடம் மண்டியிட்டுப் பேசுவதற்கு நாங்கள் யாரும் சலித்துக்கொண்டதில்லை. திருச்சி விமானத்தில் தமிழ் பேசுகிற சிப்பந்தி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, இருந்தால் அம்மாவே நேராகக் கேட்டுக்கொள்ளட்டும்.